கை உயர்ந்த பிறகு

நஸீமா போன மாதம் என் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு கட்டுத் தாள் வைத்திருந்தாள். அவள் மூதூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு ரீச்சர். கொழும்பில் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய் வந்திருந்தாள். விளையாட்டு உளவியலாம். ஓடுகிற பிள்ளையின் காலைப் பார்த்தால் போதாதாம், மனதையும் பார்க்க வேண்டுமாம்.

"உங்கட காலத்தில இதுக்கெல்லாம் என்ன செய்தனீங்கள் ரீச்சர்?" என்று கேட்டாள்.

"என்ன செய்யிறது? தேசிக்காய் வெட்டிப் புளிக்கப் புளிக்கச் சூப்பக் குடுத்தனாங்கள்," என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. தாள்களை வாங்கிப் புரட்டினேன். ஒரு தலைப்பில் 'பதகளிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மனம் பதறுவதற்குத்தான் அந்தப் பெயர். அடிப் பாவி, இதைப் படிக்கவா கொழும்புக்குப் போனாய்? என்னிடம் கேட்டிருந்தால் ஒரு வருடத்துக்குப் பாடம் நடத்தியிருப்பேனே!

ஏனென்றால் நான் பிறந்ததிலிருந்தே பதகளிக்கிற ஆள். விளையாட்டு ரீச்சர் என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விசிலோடு நடப்பவள் என்று ஊர் நினைக்கிறது. நானும் அப்படித்தான் நடந்தேன். உள்ளே வேறு கதை. உயரம் பாய்கிற பிள்ளை விழுந்து கழுத்தை முறித்துவிடுவாளோ, அணிநடையில் ஒருத்தி மயங்கி விழுவாளோ, காற்றில் பந்தல் சரியுமோ என்று போட்டிக்கு ஒரு கிழமை முன்பே எனக்குச் சோறு இறங்காது. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு எலும்பின் பெயர், தசையின் பெயர், கொடி பிடிக்கிற விதம் எல்லாம் சொல்லித் தந்தார்கள். பயத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. பெறுபேறு வந்தது, வேலை கிடைத்தது, திருகோணமலைக்கு வந்து சேர்ந்தேன்.

இங்கே மைதானத்தில் எனக்கு வாய்த்த முதல் தலையிடி மான். ஆம், மான்தான். கோட்டைப் பக்கமிருந்து கூட்டமாக வந்து, சுண்ணாம்பால் நாங்கள் போட்ட கோடுகளை மிதித்துக்கொண்டு மேயும். போட்டியன்று காலையில் மான் கலைப்பதற்கென்றே ஆட்களை விடுவோம். கலைத்தவை மத்தியானம் திரும்பி வந்துவிடும்.

ஓட்டம் தொடங்கிவைக்கப் பள்ளிக்கூடங்களில் துவக்கு, துப்பாக்கி என்று ஒன்றும் கிடையாது. இரண்டு பலகைத் துண்டுகளைச் சேர்த்துப் படாரென்று அறைவோம். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். குனிந்து கை ஊன்றிப் புறப்படும்போது கால் வழுக்காமல் இருக்க, தேங்காய்ச் சிரட்டையால் நிலத்தில் சின்னக் குழி தோண்டிக்கொள்வார்கள். வட்டார மட்டத்துப் போட்டிகளில் மட்டும்தான் கைத்துவக்கு வரும். அதாவது, வருடம் முழுதும் பலகைக்குப் பழகிய பிள்ளை, உண்மையான போட்டியில்தான் வெடியை முதன்முதல் கேட்பாள். இது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அதே கதைதானே என்று விட்டுவிட்டோம்.

அந்தக் கைத்துவக்கு நவரத்தினம் ஐயாவிடம் இருந்தது. அவர் வட்டாரத்தின் உடற்கல்வி அதிகாரி, எங்கள் எல்லோருக்கும் மேலாளர். வெள்ளை நீளக் காற்சட்டை, வெள்ளை கன்வஸ் சப்பாத்து. வலது கையில் தோள்வரை சிவப்புத் துணி உறை போட்டிருப்பார். தூரத்தில் நேரம் எடுக்க மணிக்கூட்டோடு நிற்கிறவர்களுக்கு உயர்ந்த கையும் வெடிப் புகையும் தெரிய வேண்டும் என்பதற்காக அது. துவக்கை ஒரு கட்டம் போட்ட லேஞ்சிக் கைக்குட்டையில் சுற்றி பிஸ்கட் தகரத்துக்குள் வைத்துக் கொண்டுவருவார். தகரத்தை அவரே திறப்பார், அவரே மூடுவார். ஒருவரையும் தொட விடமாட்டார்.

பெண்பிள்ளைகளின் ஓட்டங்களுக்குக் கோடு பார்க்கிற வேலை எனக்கு. ஓட்டக்காரிகளுக்குப் பின்னால் நின்று, விரல் கோட்டைத் தாண்டவில்லை என்று பார்த்துக் கை காட்ட வேண்டும். ஐயா தொண்டையைச் செருமுவார். "ஒன் யுவர் மார்க்ஸ்" என்பார். பிள்ளைகள் குனிவார்கள். நான் கை காட்டியதும் "செற்" என்பார். இடுப்பு உயரும். சிவப்புக் கையும் உயரும்.

பிறகு ஒன்றும் நடக்காது.

அவர் வெடிக்கமாட்டார். பிள்ளைகளின் விரல் நடுங்கும், கெண்டைக்கால் துடிக்கும், சனம் பேச்சை நிறுத்திவிடும், அவர் அப்படியே நிற்பார். "நவரத்தினம் ஐயாவிட செற்றுக்கும் வெடிக்கும் இடையில ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம்" என்று மாஸ்டர்மார் பகிடி விடுவார்கள். ஆனால் மரியாதையோடுதான் சொல்வார்கள். கண்டிப்பான மனிதர், அவரிடம் ஒருத்தரும் களவாய்ப் புறப்பட ஏலாது என்று பெயர். இரண்டு தரம் முந்தினால் வெளியே. அவர் எத்தனையோ பேரை வெளியே அனுப்பியிருக்கிறார்.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருத்திதான் பூமணி.

அறுபதுகளில் ஒரு வருடம் எங்கள் பள்ளிக்கூட விடுதிக்கு வந்து சேர்ந்தாள். மூதூருக்கும் அப்பால் கடற்கரைக் கிராமம் ஒன்று அவளது ஊர். தகப்பன் கடற்றொழில் செய்பவர். லோஞ்ச் படகில் குடாவைத் தாண்டி ஒரு துணிப்பையோடு வந்திறங்கினாள். மெலிந்த பிள்ளை, பாதம் மட்டும் நீளம். முதல் கிழமையே விசில் ஊதி ஓடவிட்டேன். அவள் ஓடியதைப் பார்த்து எனக்குச் சந்தோசம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவள் ஓடியது விளையாட்டுக்கு ஓடுகிற பிள்ளையைப் போல இல்லை. வீட்டில் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஓடுகிறவளைப் போல இருந்தது.

அந்த ஓட்டத்துக்காகவே விடுதியில் அவளுக்குக் காசில்லாத இடம் கிடைத்தது. பலகை அறைந்தால் அவள்தான் முதலில் வருவாள். எங்கள் பள்ளிக்கூடமே அவளை நம்பி நின்றது. வட்டாரப் போட்டியில் நூறு யார் தூர ஓட்டத்துக்குக் குனிந்தாள். ஐயாவின் கை உயர்ந்தது. வெடிக்கு முன்னமே பாய்ந்துவிட்டாள். திருப்பிக் கூப்பிட்டார்கள். மறுபடியும் குனிந்தாள், மறுபடியும் பாய்ந்தாள். ஐயா விரலை நீட்டி வெளியே போகச் சொன்னார். அவள் அழவில்லை. வெளிறிப்போய் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அவசரக் குடுக்கை," என்றா எங்கள் தலைமையாசிரியை, அதிபர் அம்மா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வருடம் முழுதும் அவளுக்குப் பொறுமை பழக்கினேன். பலகையைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே சுணக்குவேன். அவள் கல்லுப்போல இருப்பாள். வெயிலில் நான்தான் களைத்துப்போவேன். பிறகு என்ன வருத்தம் இந்தப் பிள்ளைக்கு?

"வெடிச் சத்தத்துக்குப் பயம் ரீச்சர், வேறென்ன?" என்றா விடுதியைப் பார்த்துக்கொள்கிற மேற்றன் அன்னம்மா அக்கா. அடுத்ததாக வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு சிநேகபூர்வப் போட்டி வந்தது, அதற்கும் ஐயாதான் துவக்கோடு வந்தார். அன்று அன்னம்மா அக்கா அவளுடைய இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து அனுப்பியிருந்தா. எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. ஐயாவின் கை உயர்ந்தது, பூமணி பஞ்சோடு பாய்ந்தாள். எச்சரிக்கை கிடைத்தது. இரண்டாம் முறை, பாய்ந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி குனிந்திருந்தாள். வெடி வெடித்தது. எல்லாரும் ஓடினார்கள். இவளுக்குக் கேட்கவேயில்லை. ஓட்டம் முடிந்து சனம் கைதட்டுகிறது, இவள் இன்னும் கோட்டில் குனிந்தபடி! மைதானமே சிரித்தது. ஐயோ, அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதிபர் அம்மா என்னைக் கூப்பிட்டா. கதிரையில் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அந்தப் பிள்ளையிட தகப்பன் கூட்டிக்கொண்டு போகப்போறன் எண்டு ஆள் அனுப்பியிருக்கிறார். நான் மறிக்கிறதெண்டால் ஒரு காரணம் வேணும். இந்த வட்டாரப் போட்டியில முதல் இரண்டு பேருக்குள்ள வந்து கொழும்புப் போட்டிக்குத் தெரிவானால் விடுதியில இருக்கட்டும். இல்லையெண்டால் அந்த இடம் வேற பிள்ளைக்கு."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கடற்கரை மதிலடியில் அவளை இருத்தினேன். ஒரு விசயம் என் மனதை அரித்துக்கொண்டிருந்தது. காதில் பஞ்சு இருந்தும் முதல் தரம் பாய்ந்தாளே. அப்படியென்றால் சத்தமா காரணம்?

"பூமணி, செற் சொன்னாப் பிறகு நீ எங்க பாக்கிறாய்?"

அவள் மணலில் விரலால் கோடு இழுத்தாள்.

"கீழ பாக்கச் சொன்னனான் எல்லே?"

"ஐயாவிட கையைப் பாக்கிறன் ரீச்சர்."

"ஏன்?"

"அது உயருதே."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். அவள் தகப்பன் வெடி போட்டு மீன் பிடிக்கிறவர்.

"மீன் கூட்டம் கண்டால் அப்பா வள்ளத்தில நிண்டு கையை உயர்த்துவார். கையில வெடி இருக்கும். கரையில நிண்டாத் தெரியும். பிறகு ஒரு சத்தமும் வராது. திரி எரியுதோ நூந்திட்டுதோ தெரியாது. சித்தப்பா அப்பிடித்தான் எறியப் பிந்தி, மணிக்கட்டோட கை போயிட்டுது. வெடிச்சா நல்லம் ரீச்சர். வெடிச்ச உடன நான் ஓடத் தொடங்குவன். வள்ளம் வாற பக்கம் பாத்துக் கரையால ஓடி, தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு, 'அப்பா, கை சரியோ?' எண்டு கத்துவன். அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார்."

"இப்பவும் அந்தத் தொழில்தானோ?"

"ஓம். ஊருக்குப் போனால் நான் திரும்பவும் கரையில நிக்கவேணும். ஏலாது ரீச்சர். என்னை அனுப்பாதேங்கோ."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எங்கள் பலகைக்கு ஏன் அவள் கல்லாக இருந்தாள் என்று இப்போது விளங்கியது. பலகை அறைகிறவள் கையை உயர்த்துவதில்லை; உயர்ந்த கைக்குப் பிறகு வரும் அமைதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதோடு இன்னொன்றும் விளங்கியது. அவளுடைய ஓட்டமே அந்தக் கரையில் பிறந்ததுதான். பயத்தை எடுத்துவிட்டால் ஓட்டமும் அதோடு போய்விடாதா? பயம் இருந்தால் கோட்டில் தோற்பாள், போனால் பாதையில் தோற்பாள். நஸீமா, உன் தாள்களில் இதற்கு ஏதாவது எழுதியிருக்கிறார்களா?

ஒரே ஒரு வழிதான் தோன்றியது. போட்டிக்கு முன் ஒருநாள் ஐயா வந்து, அவளுக்கு முன்னால் கையை உயர்த்தி வெடித்துக் காட்டினால் பழகிக்கொள்வாள். அவரிடம் போய்க் கேட்க எனக்கு எவ்வளவு பயம் என்று சொல்லத் தேவையில்லை. துறைமுகப் பக்கம் அவருடைய வீடு. படலைக் கதவடியில் நின்று இரண்டு தரம் திரும்பிப் போகப் பார்த்தேன். விறாந்தையில் தகரத்தைத் திறந்து வைத்துத் துவக்குக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

கேட்டு முடிக்கவே விடவில்லை.

"ஏலாது ரீச்சர். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மட்டும் நான் வெடிச்சுக் காட்டினால் மற்றவை சும்மா இருப்பினமோ? நீங்கள் மற்றப் பள்ளிக்கூட ரீச்சராய் இருந்தால் விடுவீங்களோ?"

நியாயம்தான். எழும்பியிருக்க வேண்டும். ஆனால் எழும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பூமணியின் கதை முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சித்தப்பாவின் கை, கரையால் ஓடுவது, தகப்பன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவது எல்லாம் சொன்னேன்.

அவர் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். பிறகு, "நான் ஏன் அவ்வளவு நேரம் எடுக்கிறன் எண்டு நினைக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

"களவாய்ப் புறப்படுறவையைப் பிடிக்க ஐயா."

சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம், அது நல்ல சிரிப்பாகவும் இல்லை.

"உலக யுத்தத்தில யப்பான்காரன் துறைமுகத்துக்குக் குண்டு போட்ட காலமை நான் அங்க களஞ்சியத்தில வேலை. சின்ன வயசு. சைரன் ஊதி நிண்டுது. நிண்டாப் பிறகு ஒரு அமைதி வந்தது பாருங்கோ. மேசைக்குக் கீழ நானும் கூட்டாளியும் படுத்திருந்தம். பிறகுதான் வெடிச்சது. அவன் எழும்பேல்லை."

துவக்கை லேஞ்சியில் சுற்றினார்.

"இண்டைக்கும் எனக்கு வெடி கேக்க ஏலாது. கையை உயர்த்திப்போட்டு, விசையை இழுக்கத் தைரியம் இல்லாமல் நிக்கிறன். உள்ளுக்குள்ள கோணேசரைக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறன். சனம் சொல்லுது, கண்டிப்பான மனிசன் எண்டு."

"பின்ன ஏன் ஐயா இந்த வேலையை வேற ஆளிட்டக் குடுக்கேல்லை?"

"விளையாட்டு அதிகாரிக்குத் துவக்குக்குப் பயம் எண்டால் ஊர் சிரிக்காதோ?"

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இத்தனை வருடமாக அவருக்குப் பின்னால் பயந்து பயந்து நின்றேனே, முன்னால் நின்றவரும் என்னைப் போலப் பயந்த சாதிதான்! அவர் தகரத்தின் மூடியை அழுத்தி மூடினார். இதை ஒருவருக்கும் சொல்லாதேங்கோ என்று அவர் சொல்லவில்லை. சொல்லுங்கோ என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது அதையே உருட்டிக்கொண்டு நடந்தேன்.

போட்டியன்று காலை நல்ல காற்று. சுண்ணாம்புக் கோடு பாதி பறந்துவிட்டது. பூமணி சிரட்டையால் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் குந்தினேன்.

"ஐயாவிட கையைப் பாக்காத எண்டு நான் இனிச் சொல்லமாட்டன். பார். ஆனா ஒண்டு தெரிஞ்சுகொள். அவருக்கு உன்னைவிடப் பயம்."

சிரட்டை நின்றது. "ஐயாவுக்கோ?"

"ஓம். வெடிக்குத்தான் பயம். அதாலதான் சுணங்கிறார். அவருக்குக் கொஞ்ச நேரம் வேணும். ஒருத்தரும் அவரை அவசரப்படுத்தக் கூடாது. நீயாவது பொறுத்துக்கொள்."

அவள் மைதானத்தின் அந்தப் பக்கம் தகரத்தோடு நின்ற வெள்ளை உருவத்தைப் பார்த்தாள்.

"பாவம்," என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு உடனே பதறத் தொடங்கிவிட்டது. ஏன் சொன்னேன், எதற்குச் சொன்னேன்? இனி இந்தப் பிள்ளை அவருக்காக இரங்கிக்கொண்டு ஓடவே மறந்துவிட்டால்? வேறொருத்திக்குச் சொல்லி, அது ஐயாவின் காதுக்குப் போனால்? நூறு யார் ஓட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அதற்குள் மான்கள் வேறு. அவற்றைக் கலைத்து முடிக்கும்வரை ஆறு பிள்ளைகளும் வெயிலில் நின்றார்கள்.

குனிந்தார்கள். கோடு பார்த்தேன், கை காட்டினேன்.

"செற்."

சிவப்புக் கை உயர்ந்தது. மூன்றாம் ஓடுபாதையில் நின்ற பிள்ளை முந்திவிட்டாள். எச்சரிக்கை. மறுபடியும் கை உயர்ந்தது. இந்த முறை ஓரத்துப் பாதையில் நின்றவள் தடுமாறி முன்னால் விழுந்தாள். பூமணி இரண்டு தரமும் அசையவில்லை. தலை பக்கத்துக்குத் திரும்பி, கண் அவரிலேயே இருந்தது. ஐயாவின் நெற்றியில் வேர்வை ஓடுவதை நான் கண்டேன். இனி ஒரு தரம் அவரால் ஏலுமா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

மூன்றாம் முறை கை உயர்ந்தது. கடவுளே, இழுங்கோ ஐயா, இழுங்கோ.

வெடித்தது.

அடுத்த கணம் முதுகுகள்தான் தெரிந்தன. நான் நிற்கிற இடத்திலிருந்து யார் முந்துகிறார் என்று ஒருபோதும் தெரியாது. பூமணி மற்றவர்களுக்குச் சற்றுப் பிந்திப் புறப்பட்டதை மட்டும் கண்டேன். வெடித்த பிறகும் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டாள். அவ்வளவும் போச்சு என்று நினைத்தேன். முடிவு நாடாவடியில் எல்லாரும் ஒரே கும்பலாக விழுந்தார்கள். நடுவர்மார் கூடிக் கூடிக் கதைத்தார்கள். ஒலிபெருக்கி கரகரவென்றது, ஒன்றும் சொல்லவில்லை. நான் புல்லில் குந்திவிட்டேன்.

அப்போதுதான் பூமணி திரும்பி வருவதைக் கண்டேன். முடிவு கேட்க நிற்கவில்லை. அன்னம்மா அக்கா நீட்டிய தேசிக்காயையும் வாங்கவில்லை. மைதானக் கரையால், ஓடிய தூரம் முழுவதையும் நடந்து, மூச்சு வாங்க வந்தாள். தோற்றுவிட்டாள், என்னிடம் அழ வருகிறாள் என்று எழும்பிக் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள்.

நவரத்தினம் ஐயா துவக்கைத் தகரத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா," என்றாள். "கை சரியோ?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி பெயர்களை வாசித்தது. முதலாவது வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. இரண்டாவது பூமணி. கொழும்புக்குத் தெரிவாகிவிட்டாள். நான் என்னை மறந்து "ஐயோ!" என்று கத்திவிட்டேன். அவர்கள் இருவரும் திரும்பியே பார்க்கவில்லை.

ஐயா தகரத்தைப் புல்லில் வைத்தார். சிவப்பு உறை போட்ட கையையும் மற்றக் கையையும், அவ்வளவு சனத்துக்கும் முன்னால், தலைக்கு மேலே தூக்கினார். விரல்களையும் ஒவ்வொன்றாய் விரித்து அவளுக்குக் காட்டினார்.